நாலு மணிக்கு நான் அணைத்த சூடு

இன்னொரு குளிர்காலத்தைக் காண உயிர் தந்த ஆண்டவருக்கு முன்னால் நிற்கிறேன். உங்களுக்கு முன்னாலும் நிற்கிறேன். என்னை உங்களுக்குத் தெரியும், மோர்டென்ஸ்ருட்டில் இருக்கிற ஜெயராணி. பங்குனி மாதம் இதே மைக்கைப் பிடித்து ஒரு சாட்சி சொன்னேன். எங்கள் கீழ் வீட்டில் மயங்கிக் கிடந்த தாயையும் பிள்ளையையும் காப்பாற்றும்படி ஆவியானவர் என்னை ஏவினார் என்றேன். நீங்கள் அழுதீர்கள். கை தட்டினீர்கள். அந்தச் சாட்சியில் பாதி பொய். மறைத்த பாதியைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். தயவுசெய்து ஒருவரும் கை தட்டாதீர்கள்.

எங்களுடையது வரிசை வீடு. மேலே நானும் என் கணவரும். அவர் பஸ் ஓட்டுகிறார், நான் முதியோர் இல்லத்தில் வேலை. பிள்ளைகள் படித்துத் தனியே போய்விட்டார்கள். கீழே ஒரு சின்ன வீடு, வாடகைக்கு. போன வருடம் ஆவணியில் அங்கே பிரபுவும் கவிதாவும் குடிவந்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள். அவன் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவன். அவளுக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். ஒப்பந்தம் ஒன்றும் எழுதவில்லை. "எங்கட ஆக்கள்தானே, பேப்பர் என்னத்துக்கு?" என்று சொன்னது நான். கரண்டும் வாடகைக்குள் அடக்கம் என்று பெரிய மனுசி மாதிரிச் சொன்னதும் நான்தான்.

கார்த்திகையில் குளிர் இறங்கியது, கரண்ட் விலை ஏறியது. இந்த நோர்வேயில் கரண்ட் விலை மணிக்கு மணி மாறுவது உங்களுக்குத் தெரிந்ததுதானே. சனமெல்லாம் வேலையால் வந்து அடுப்பு மூட்டும் பின்னேரம்தான் உச்சம். விலையைக் காட்டும் ஆப் ஒன்றை என் மகள் போனில் போட்டுத் தந்தாள். அதோடு பிடித்தது சனியன். காலையில் கண் விழித்ததும் வேதத்தைத் திறந்த கை ஆப்பைத் திறந்தது. கோடு சிவப்பாக உயர்ந்திருந்தால் அன்று முழுக்க எனக்கு நெஞ்சிடி.

அந்த மாத பில் வந்த அன்று முழங்காலில் நின்று அழுதேன். "ஆண்டவரே, இந்த பில்லைக் குறைத்துத் தாரும்" என்று ஜெபித்தேன். பொய் இல்லை, உண்மையாகவே கண்ணீர் விட்டேன். ஆமென் சொல்லி எழும்பி, படிக்குக் கீழே இருக்கிற சாமான் அறைக்குப் போனேன். அங்கேதான் பியூஸ் பெட்டி. கீழ் வீட்டு நிலத்துக்குள் ஓடும் சூட்டு வயருக்கும் சுவர் ஹீட்டருக்கும் உரிய பியூஸை இறக்கினேன். அப்போது மணி நாலு. இரவு பத்துக்குத் திரும்ப ஏற்றினேன். முதல் நாள் இரண்டு தரம் கையை எடுத்துவிட்டுத்தான் இறக்கினேன். மூன்றாம் நாள் அது விளக்கு அணைப்பதுபோல் ஆகிவிட்டது. என் கணவருக்கும் சொல்லவில்லை.

அந்தக் கிழமைதான் கவிதாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற மீன் சரக்குக் கறியை நான் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினேன். மேலே வந்தேன். நாலு மணிக்குப் பியூஸை இறக்கினேன்.

ஒருநாள் பிரபு படியேறி வந்தான். "ஆன்ட்டி, சாயங்காலம் ஆனா தரை ஐஸ் மாதிரி ஆயிடுது. ஹீட்டரும் வேலை செய்யல. யாராவது வந்து பாக்கச் சொல்லலாமா?" என்று கேட்டான்.

"தம்பி, இஞ்சை கீழ் வீடெண்டால் உப்பிடித்தான்" என்றேன். "முதல் குளிர் எல்லாருக்கும் கஷ்டம், பிறகு பழகிடும். சுவரிலை கிடக்கிற காத்து ஓட்டையாலைதான் குளிர் உள்ளுக்கு வருது. அதை ஒட்டிவிடுங்கோ."

டேப்பையும் நானே எடுத்துக் கொடுத்தேன். "எங்களுக்கு இதெல்லாம் தெரியாதுல்ல, தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று சிரித்துக்கொண்டு இறங்கிப் போனான். படித்த பிள்ளை. ஆனாலும் முப்பது வருடம் இங்கே இருக்கிற தமிழ் மனுசி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டான். நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு முதியவருக்குக் கால் குளிர்ந்தால் ஓடிப்போய்ப் போர்வை எடுத்துவருவேன், ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தாலும் மற்றவர்களோடு சண்டை பிடிப்பேன். ஊருக்கு உபதேசம் என்பார்களே, அது நான்தான்.

தை மாதம், ஒரு வியாழக்கிழமை. எனக்கு லீவு. கொடும் குளிர். அன்று காலையிலேயே கோடு சிவப்பு, அதனால் ஏழு மணிக்கே பியூஸை இறக்கிவிட்டேன். மத்தியானம் கொஞ்ச நேரம் ஏற்றலாம் என்று நினைத்து மறந்துபோனேன். நாலு மணிக்கு வழக்கம்போல இறக்கப் போனால், அது காலையில் இறக்கியபடியே கிடக்கிறது. ஒன்பது மணித்தியாலம்! அப்போதாவது ஏற்றினேனா? இல்லை. இனி விலை கூடிய நேரம்தானே என்று பெட்டியை மூடினேன்.

அப்போது சாம்பிராணி வாசம் வந்தது. அவர்கள் சைவ சமயம். கவிதா கும்பிடப் புகை போடுகிறாள், போன வருடம் அடித்த பெயின்ட் எல்லாம் கறுக்கப்போகிறது என்று எனக்கு ஏறியது ஆத்திரம். நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் அவர்கள் கதவடிக்குப் போனேன். சகோதரங்களே, என்னைக் கீழே ஏவியது ஆவியானவர் என்று உங்களுக்குச் சொன்னேன். என்னை அங்கே கொண்டுபோனது என் கஞ்சத்தனமும் சுவர்ப் பெயின்ட்டும்தான்.

தட்டினேன். சத்தமில்லை. அந்த நேரத்துக்குப் பிள்ளை அழுவது மேலே கேட்கும். அன்று அதுவும் இல்லை. என்னிடம் இருந்த சாவியால் திறந்தேன்.

கவிதா கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் கிடந்தாள். பிள்ளை கட்டிலில், இரண்டு சுவெட்டரும் தாயின் சால்வையும் சுற்றியபடி, அசைவில்லாமல். அறை நடுவில் இறைச்சி வாட்டுகிற தகரத் தட்டு. அதில் கரி கனன்றுகொண்டிருந்தது. புகை மணி கழற்றி மேசையில் கிடந்தது. தாளிக்கும் நேரத்தில் கத்துகிறது என்று நாங்கள் எல்லோரும் கழற்றி வைக்கிறோமே, அப்படித்தான். சுவரில் காற்று வரும் ஓட்டை இறுக்கி ஒட்டியிருந்தது. என்னுடைய டேப்.

ஐயோ ஆண்டவரே என்று கத்தியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். பனிக்குள் சால்வையை விரித்துக் கிடத்திவிட்டுத் திரும்ப ஓடிவந்து கவிதாவின் கைகளைப் பிடித்து இழுத்தேன். அம்புலன்ஸ் கேட்டு 113க்கு அடித்தேன். பிள்ளைக்கு மூச்சு இருக்கிறதா என்று கேட்டார்கள். பிள்ளையின் வாயருகே கன்னத்தை வைத்தேன். இருந்தது. இருந்தும் இல்லாத மாதிரி இருந்தது.

கரி ஏன் உள்ளே வந்தது என்று பிறகுதான் தெரிந்தது. பிள்ளைக்குத் தலைக்கு வார்த்த பிறகு சாம்பிராணிப் புகை காட்டாவிட்டால் சளி பிடிக்கும் என்று ஊரில் இருக்கும் கவிதாவின் தாய் போனில் சொல்லியிருக்கிறாள். கவிதா கரியை வாசலில் மூட்டி உள்ளே கொண்டுவந்து புகை காட்டியிருக்கிறாள். அறை கொஞ்சம் சூடானது. அந்தச் சூட்டை வெளியே கொண்டுபோய் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. கரி எரிந்தால் வரும் விஷக்காற்றுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

ஆஸ்பத்திரியில் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒட்சிசன் கொடுத்தார்கள். தாய் கண் திறந்தாள். பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது, மூளைக்குக் காற்றுப் போகாமல் எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியவில்லை என்றார் டொக்டர். வேலையால் ஓடிவந்த பிரபு சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டான். நான் டாய்லெட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, நான் கொலைகாரி. அந்தப் பிள்ளையைத் தாரும். நான் செய்ததை எல்லாருக்கும் சொல்லுவேன்." இதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

வெளியே வந்து ஒரு மணித்தியாலம் இருக்காது. உள்ளே பிள்ளை அழுதது. தொண்டை கிழிய அழுதது. அந்த அழுகைபோல் ஒரு பாட்டை நான் இந்தச் சபையிலும் கேட்டதில்லை. இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள். அந்த ஜெபத்தைக் கர்த்தர் கேட்டார். அதில் ஒரு பொய்யும் இல்லை.

ஆனால் அந்த முதல் அழுகை கேட்டதுமே பிரபு ஓடிவந்து என் காலில் விழுந்தான். "நீங்க மட்டும் அந்த நேரத்துக்கு வரலன்னா..." என்று விம்மினான். நான் அவனைத் தூக்கிவிட்டேன். வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பியூஸை ஏற்றினேன், பிறகு ஒருநாளும் இறக்கவில்லை. அதோடு முடிந்தது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். பங்குனியில் இங்கே வந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தேன்.

நான் மறைத்தது கவிதாவின் தலையில் விழுந்தது. குழந்தைகள் நலன் பார்க்கிற அலுவலகத்திலிருந்து ஒரு பெண் இரண்டு தரம் வந்தாள். கைக்குழந்தை இருக்கும் அறைக்குள் கரி மூட்டுகிற தாயைப் பற்றிக் கேட்க வேண்டியதுதானே. பிரபுவும் கவிதாவைத்தான் ஏசினான். சித்திரையில் ஒருநாள் கவிதா பிள்ளையோடு மேலே வந்து, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினியில் ஒரு கதிரையில் உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, அந்த ஆபீஸ் அம்மா நாளைக்கு மறுபடி வர்றாங்க. கரிய உள்ள வச்சது என் தப்புதான். ஆனா பாப்பாவ நான் நல்லா பாத்துக்கறேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. காப்பாத்தினவங்க நீங்க, நீங்க சொன்னா நம்புவாங்க. அவர்கூட இப்ப எங்கிட்ட சரியா பேசறதில்ல."

என்னால் தாங்க முடியவில்லை. "பிள்ளை, கொஞ்சம் இரு. நான் ஒண்டு சொல்லவேணும்" என்றேன். ஆப், பியூஸ், டேப், பெயின்ட், எல்லாம் சொன்னேன்.

அவள் பிள்ளையை மடியில் இழுத்து அணைத்தாள். பிறகு கேட்டாள், "தினமுமா ஆன்ட்டி?"

"ஓம். தினமும்."

"பொறந்த கொழந்தை இருக்குன்னு தெரிஞ்சுமா?"

"ஓம்."

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினாள். "நான் கெட்ட அம்மான்னு மூணு மாசமா அழுதுட்டிருக்கேன்" என்றாள். இறங்கிப் போனாள்.

அடுத்த நாள் அந்த அலுவலகப் பெண்ணிடம் நோர்வேஜிய மொழியில் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டாள். கவிதாவில் குறை இல்லை என்று சில நாளில் கடிதம் வந்தது. என் கணவருக்கும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "நீ சாட்சி சொல்லேக்கை நானும் எழும்பி நிண்டு கை தட்டினனான்" என்றார். பிரபு சத்தம் போடுவான் என்று பயந்திருந்தேன். அவன் சொன்னது ஒன்றுதான். "உங்க கால்ல விழுந்தேனே, ஆன்ட்டி." வைகாசியில் ஹொல்ம்லியாவுக்கு வீடு மாறிப் போனார்கள்.

பாஸ்டரிடமும் அறிக்கை செய்தேன். "சிஸ்டர், ஆண்டவரிட்டைச் சொல்லியாச்சு, அந்தப் பிள்ளையளிட்டையும் சொல்லியாச்சு, சபையிலை சொல்லத்தான் வேணுமோ?" என்று கேட்டார். பொய்யை மைக்கில் சொன்னேன், உண்மையை மட்டும் காதுக்குள் சொல்லலாமா ஐயா என்றேன். அதற்குப் பிறகுதான் இந்த நேரத்தை எனக்குத் தந்தார்.

எனக்கென்று கேட்க அதற்குப் பிறகு நா எழவில்லை. "ஆண்டவரே, அந்தப் பிள்ளைகளைச் சூடான வீட்டில் வையும்" என்று மட்டும் ஜெபித்துவந்தேன். இரண்டு கிழமைக்கு முன், ஒரு சனிக்கிழமை, கவிதா போன் எடுத்தாள். பிரபு வேலை விஷயமாக வெளியூர், அவளுக்குப் பல்வலி தாங்க முடியவில்லை, டொக்டரிடம் போக வேண்டும். "ஒரு மணி நேரம் பாப்பாவ பாத்துக்க வர்றீங்களா? வேற யாரையும் எனக்கு இங்க தெரியாது" என்றாள். உடனே, "மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதீங்க ஆன்ட்டி. அது இன்னும் எனக்கு வரல" என்றும் சொன்னாள். சரி பிள்ளை, வாறன் என்றேன். ரயில் எடுத்துப் போனேன்.

கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் பட்டது. பிள்ளைக்குப் பதினொரு மாதம். காலில் சொக்ஸ் இல்லை, மெல்லிய சட்டை ஒன்றுதான். நிலத்தில் தவழ்ந்து வந்து என் சேலையைப் பிடித்து எழும்பி நின்று, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. அந்தப் பிஞ்சுக் காலைப் பிடித்துப் பார்த்தேன். கதகதப்பாக இருந்தது. கர்த்தர் இந்த ஜெபத்தையும் கேட்டிருக்கிறார். பாவியின் வாயிலிருந்து போன ஜெபத்தைக்கூட அவர் தள்ளவில்லை. அங்கேயே இருந்து அழுதேன். கவிதா பார்த்துக்கொண்டே கைப்பையை எடுத்தாள். "பால் ஃப்ரிட்ஜ்ல இருக்கு, சூடு பண்ணிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சகோதரங்களே, அவர் கேட்கிற தேவன். நம்பிக் கேளுங்கள். ஆனால் கேட்க முன் ஒன்று செய்யுங்கள். உங்களில் பலருக்கும் கீழ் வீட்டில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆராதனை முடிந்து போனதும் அந்தக் கதவைத் தட்டுங்கள். சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றிவிட்டு, அவர்களுடைய நிலத்தில் வெறுங்காலோடு ஐந்து நிமிடம் நில்லுங்கள். பிறகு மேலே வந்து முழங்காலில் நில்லுங்கள்.