ஃபைவல் வீட்டுக்கு வாங்கிய நடுத்துண்டு

எங்கள் கடையில் மீன் சீவிக்கொண்டிருந்த ஃபைவல், ஓய்வு பெற்ற அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நல்ல கோட்டும் தொப்பியுமாக வாசல் வழியே உள்ளே வந்தார். வந்தவர் நேராகக் கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கல்லாவில் இருந்த நான்தான் அதட்டினேன்.

"யோவ், எங்கே போறே? அந்தப் பக்கம் இனிமே உனக்கு என்ன வேலை?"

"மறந்துட்டேன் பெசி. இன்னிக்கு நான் வாங்க வந்திருக்கேன்."

"அப்போ எல்லாரையும் போல டோக்கன் எடுத்துட்டு நில்லு."

"டோக்கன் எங்கே இருக்கு?"

வாசலிலேயே, மூக்கை இடிக்கிற உயரத்தில், சிவப்புப் பெட்டி தொங்குகிறது. காலமெல்லாம் அந்த எண்களைத் தொண்டை கிழியக் கூப்பிட்ட மனுஷனுக்கு அவை எங்கிருந்து வருகின்றன என்று தெரியவில்லை. சிரிப்பதா, பாவப்படுவதா என்று எனக்கும் தெரியவில்லை.

ஆர்ச்சர்டு தெருவில் எங்கள் கடைக்குப் பேரே ஃபைவலின் கையால்தான். போலந்திலிருந்து பிழைக்க வந்து, ஹெரிங் மீன் பீப்பாய் கழுவுவதில் ஆரம்பித்து, கத்தி பிடிக்கிற இடத்துக்கு வந்தவர். புகைபோட்ட சால்மன் மீனை அவர் சீவினால் அடியில் விரித்த காகிதத்தின் எழுத்தைப் படிக்கலாம். தங்கள் எண் வந்தாலும், "எனக்கு ஃபைவல்தான் சீவணும்" என்று பின்னால் நிற்பவர்களை முன்னே விட்டுவிட்டுக் காத்திருக்கிற பெண்கள் உண்டு. மிஸஸ் குலிக் அதில் முதல் ஆள். கண்ணில் புரை விழுந்து, கத்தி கட்டைவிரலை நெருங்க ஆரம்பித்த பிறகுதான் ஃபைவல் ஏப்ரனைக் கழற்றினார்.

மீனில் நடுத்துண்டு வாடிக்கையாளருக்கு. உப்பேறிக் காய்ந்த வால், கடை மூடும்போது எங்களுக்கு. ஃபைவல் வாரம் தவறாமல் அதைப் பொட்டலம் கட்டி மனைவி ஹின்டாவுக்குக் கொண்டுபோவார். அன்றைக்கு அவளுக்கு நடுத்துண்டு வாங்கித் தரவேண்டும் என்று கிளம்பி வந்திருந்தார். அதை என்னிடம் சொல்லும்போதே காது சிவந்துவிட்டது.

கவுண்டரில் அவர் இடத்துக்கு வந்திருந்த ரமோன் கேட்டான். "எவ்வளவு வேணும் அண்ணே?"

ஃபைவல் முழித்தார். "எல்லாரும் எவ்வளவு வாங்குவாங்க?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? வீட்ல எத்தனை பேரு?"

"ரெண்டு. இல்ல, மூணு. பெசியும் வர்றா."

"நானா? யார் கூப்பிட்டா என்னை?"

"வாயேன். தனியாக் குடுக்க என்னமோ மாதிரி இருக்கு."

கட்டின பெண்டாட்டிக்கு மீன் கொடுக்கத் துணைக்கு ஆள் தேடுகிறவரை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரே கட்டடத்தில், அவர்களுக்குக் கீழ்த்தளத்தில்தான் நான் இருக்கிறேன். கடை அடைத்ததும் பேகல் ரொட்டிப் பையைத் தூக்கிக்கொண்டு, அதுவரை காத்திருந்த அவர் பின்னாலேயே போனேன்.

ஹின்டா அடுப்பில் காபியை வைத்துவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள். பார்த்தாள். குளிர்ப்பெட்டியைத் திறந்து இன்னொரு பொட்டலத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதிலும் நடுத்துண்டுதான்.

ஃபைவல் இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். "இது ஏது?"

"எஸ்ஸெக்ஸ் தெருக் கடையில வாங்கினது. வியாழக்கிழமை வாங்குவேன். நீ கடையில இருக்கும்போது தின்பேன்."

"எப்போலேர்ந்து?"

"ரொம்ப நாளா."

"அப்போ நான் கொண்டுவந்த வாலெல்லாம்?"

"உனக்குத்தான் வெச்சேன். வாராவாரம் தூக்கிட்டு வர்றியே, பிடிக்கும்போலன்னு நினைச்சேன்."

"நீ தட்டுல வைக்கிறியேன்னுதானே தின்னேன்."

நான் சிரித்துவிட்டேன். கூடச் சிரிக்க ஆள் இல்லாததால் வாயை மூடிக்கொண்டேன்.

ஃபைவல் எஸ்ஸெக்ஸ் தெரு மீனை விரலால் தூக்கிக் கண்ணருகே கொண்டுபோனார். "செருப்புத் தோல் மாதிரி சீவியிருக்கான். நம்ம கடைக்கே வந்திருக்கலாமே ஹின்டா. நான் சீவிக் குடுத்திருப்பேனே."

"வந்தேன்."

"எப்போ?"

"ஒருநாள். டோக்கன் எடுத்துட்டு ஓரமா நின்னேன். நீ மிஸஸ் குலிக்கிட்ட பேசிட்டிருந்தே. அவ இடுப்பு வலி, அவ பையன் பரீட்சை, அவ வீட்டுக் கூரை ஒழுகறது, எல்லாம் விசாரிச்சே. உனக்கு அவ்வளவு பேச வரும்னு எனக்குத் தெரியாது. இங்க வந்தா 'உப்பு எங்கே'ம்பே, தூங்கிடுவே. இது நம்ம ஆளுதானான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. டோக்கனைப் போட்டுட்டு வந்துட்டேன்."

"என்னைக் கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிட்டா மீன்தான் குடுத்திருப்பே."

ஃபைவல் என்னைப் பார்த்தார். அதெல்லாம் வியாபாரப் பேச்சு என்று நான் எடுத்துச் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் மிஸஸ் குலிக்கின் மகன் பரீட்சையில் தேறிய அன்று இந்த மனுஷன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அது வியாபாரம்தானா? எனக்கே குழம்பிவிட்டது. யார் பக்கம் பேசுவதென்று புரியாமல் பேகலை நறுக்கினேன். ஹின்டாவை நினைத்தால் பாவமாக இருந்தது. அவரைப் பார்த்தாலும் அப்படியேதான் இருந்தது.

"எஸ்ஸெக்ஸ் தெருக்காரன் ஒரு வழுக்கைத் தலையன்," என்றாள் ஹின்டா. "பேரு கூடத் தெரியாது. வியாழக்கிழமை போனா, 'கால் எப்படிம்மா இருக்கு'ம்பான். நான் சொல்வேன். கேட்டுக்கிட்டே தடிமனா சீவுவான். வாங்கிட்டு வந்துடுவேன்."

ஃபைவல் மீனைத் தட்டில் வைத்தார். கையைத் துடைத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் துடைத்தார். பிறகு குனிந்து, மேசைக்கு அடியில், அவள் பாதங்களைப் பார்த்தார்.

"உனக்குக் கால் வலியா?"

ஹின்டா எழுந்து அடுப்புப் பக்கம் போனாள்.

"எந்தக் கால்?"

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இடது காலை நீட்டினாள்.