மூன்று படம், ஒரே குரல்

என் மனைவிக்கு அலுவலகத்தில் இருக்கும் புத்தி வீட்டுக்கு வரும் வழியில் எங்கே தொலைகிறதோ, எனக்குத் தெரியவில்லை.

வங்கி ஒன்றின் கணினி மையத்தில் அவளுக்கு வேலை. ஒவ்வொரு கிளையிலிருந்தும் வரும் லைன் ஒரு கன்ட்ரோலர் பெட்டியில் சேரும். அங்கிருந்து பெரிய கணினிகளுக்குப் பிரிந்து போகும். ஒரே பெட்டியில் கூட்டம் சேர்ந்துவிட்டால் பெட்டி திணறும், கிளைகளில் ஜனங்கள் கவுன்டரைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். எந்த லைன் எந்தப் பெட்டிக்கு என்று பார்த்துப் பிரித்துப் போடுவது இவள் பொறுப்பு.

"சும்மா இருக்கற பெட்டியத்தான் நம்பவே கூடாது" என்று சாப்பிடும்போதுகூட ஆரம்பித்துவிடுவாள். "பச்சை விளக்கு அழகா எரியும். உள்ள பாத்தா, வர்றதையெல்லாம் பக்கத்துப் பெட்டிக்குத் தள்ளி விட்டுட்டு இருக்கும்."

இவ்வளவு பேசுகிறவளின் அண்ணனும் தங்கையும் சாட்சாத் அந்தப் பெட்டிகள்தான். தனியாக இருக்கும் மாமனாருக்கு மருந்தா, குழாய் ரிப்பேரா, எல்லாம் இவள் தலையில். நான் ஏதாவது சொன்னால், "எங்கப்பாவ நான் பாக்காம?" என்று என் வாயை அடைத்துவிடுவாள். எரிச்சலாக வரும்.

மாமனாருக்குக் கண் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். ஏற்கனவே ஒருமுறை தவறிவிட்டது. இனியும் தள்ளிப்போட்டால் பார்வை திரும்பாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பார்த்தால், அன்று காலையில்தான் புதிய கன்ட்ரோலருக்கு லைன்களை மாற்றும் வேலை. இவள் நகர முடியாது. அண்ணன் காரில் கூட்டிப் போவது, அவரால் முடியாவிட்டால் தங்கை என்று ஏற்பாடு. இவள் பெரிய பட்டன் வைத்த போன் ஒன்று வாங்கி, பட்டனுக்கு ஒரு பிள்ளையாக மூவரின் படத்தையும் ஒட்டி அப்பாவிடம் கொடுத்தாள். "இப்பதாங்க லோடு சரியாப் பிரிஞ்சிருக்கு" என்று பெருமை வேறு.

அன்று கார் வரவில்லை. மாமனார் மகனின் படத்தை அழுத்தினார். எடுத்தது என் மனைவி.

"அப்பா, நான் வேலையில இருக்கேன். அண்ணனக் கூப்பிடுங்க."

கை தவறிவிட்டதாக நினைத்து, வைத்துவிட்டுச் சின்ன மகளை அழுத்தினார்.

"மறுபடியும் என்னையே கூப்பிடறீங்களேப்பா! தங்கச்சிய அழுத்துங்க."

"அவளத்தாம்மா அழுத்தினேன். அவன அழுத்தினாலும் நீதான் பேசற, இவள அழுத்தினாலும் நீதான் பேசற."

அப்போதுதான் இவளுக்கு உறைத்தது. அப்பா கூப்பிட்டால் அழைப்பு நேராக இவளுக்குப் போகும்படி இரண்டு பேருமே தங்கள் போனை மாற்றி வைத்திருந்தார்கள். ஊரெல்லாம் லைன் பிரித்துக் கொடுக்கிறவளுக்கு இத்தனை நாளாக இது தெரியவில்லை!

"என்னங்க, உடனே அப்பா வீட்டுக்குப் போங்க" என்று எனக்குப் போன் வந்தது. போட்டது போட்டபடி ஓடினேன். ஆஸ்பத்திரியில் அவர் பெயரைக் கூப்பிட்டு, பதில் இல்லை என்று அடுத்தவரை உள்ளே அனுப்பப் போகும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். அடுத்தவரை நிறுத்தி வைத்துவிட்டு, இவரை உட்காரச் சொன்னார்கள்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "போனக் குடுங்க மாமா. அந்த ரெண்டு படத்தையும் பிச்சு எறிஞ்சிடறேன்."

அவர் போனை மடியோடு சேர்த்து மூடிக்கொண்டார்.

"வேணாம் மாப்பிள்ளை. நேர்ல வந்து எத்தன நாளாச்சு அவங்க? கண்ணுகிட்ட வெச்சுப் பாத்தா, இதுல கொஞ்சம் தெரியறாங்க."