முருகைக்கல்லில் வார்த்த ஈயம்

போன மாரியோடு என் கணவருக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. வள்ளத்தில் போவதை அதற்கு முன்னமே விட்டிருந்தார். மிச்சமிருந்தது வீச்சுவலை ஒன்றுதான். ஊர்காவற்றுறைக் கரையில் முழங்கால் தண்ணீரில் நின்று எறிந்து, கறிக்கு நாலு திரளி மீன் கொண்டுவருவார். இப்போது அந்த வலையைத் தூக்கக் கை மறுத்தது.

கொழும்பிலிருக்கிற மகளுக்கு இது போதும். "அப்பாவுக்குக் கடல் சரிவராதெண்டால் ரெண்டு பேரும் இஞ்ச வாங்கோ. அங்க சும்மா கிடந்து என்ன செய்யப் போறியள்?" என்று போனில் சொல்லிவிட்டாள். நியாயமான பேச்சுத்தான். ஆனால் அவளுடைய வீடு மேல்மாடியில். ஏறி இறங்க லிப்ட். அந்தப் பெட்டிக்குள் முன்பின் தெரியாதவர்களோடு நிற்க வேண்டும். அவர்கள் சிரித்தால் நானும் சிரிக்க வேண்டும். எனக்குக் கோயிலிலேயே கடைசி வாங்கில் இருப்பதுதான் வசதி.

ஆகவே இவருடைய தோளுக்கு ஏற்றபடி சின்ன வலை ஒன்றைப் பின்னினேன். வலை வந்துவிட்டது, அது தாழ விளிம்பில் கட்டுகிற குண்டுக்குத்தான் வழியில்லை. கடையில் விற்கிற ஈயக் குண்டைக் கட்டினால் பழைய பாரம்தான். குறைத்துக் கட்டினால் வலை தாழாமல் நிற்கும், மீன் கீழால் போய்விடும். மெல்லிசாக, நீளமாக, நெருக்கிக் கட்டக்கூடிய குண்டு வேண்டும். அப்படி ஒன்றை ஒருவரும் விற்பதில்லை.

"நாங்களே வார்ப்பம்," என்றேன்.

"ஆர் வார்க்கிறது? நீரோ?"

"உங்கட கைதானே ஏலாது. என்ர கை நல்லாத்தான் கிடக்கு."

மதிலிலிருந்து விழுந்து கிடந்த முருகைக்கல் ஒன்றை, கடலில் எடுத்த பவளப்பாறைத் துண்டை, இவர் இடது கையாலேயே இரண்டாக அறுத்துத் தந்தார். நான் இரண்டு பாதியிலும் ஆணியால் சுரண்டிக் குழி எடுத்தேன். கயிறு போகிற துவாரத்துக்கு நடுவில் சைக்கிள் கம்பி. பழைய வலையின் குண்டுகளை நெளிந்த இரும்புச் சட்டி ஒன்றில் போட்டு, முற்றத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உருக்கினோம். ஈயம் மினுங்கியது. அள்ளி, இரண்டு பாதியையும் சேர்த்துக் கட்டிய அச்சுக்குள் விட்டேன். சடாரென்று அது வெடித்து மேலே பாய்ந்தது. நான் கிணற்றடிக்கு ஓடினேன், இவர் வாசல் படலைக்கு ஓடினார்.

"என்ன சத்தம் மச்சாள்?" மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து இவருடைய தங்கை கேட்டாள்.

"ஒண்டுமில்லை. சமையல்."

"அதென்ன கறி, வெடிக்குது?"

முந்தின நாள் மழை பெய்திருந்தது. முருகைக்கல் பார்வைக்குக் காய்ந்திருக்கும், உள்ளே தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். பிறந்ததிலிருந்து இப்படியான கல்மதில்களுக்குள் இருக்கிற எங்கள் இரண்டு பேருக்கும் அது மூளையில் ஓடவில்லை! அச்சை அடுப்போரம் வைத்து நன்றாகச் சுட்டுக் காயவிட்டேன். ஈயம் ஒட்டாமல் கழன்று வர மெழுகுதிரிப் புகையும் பிடித்தேன். பிறகு ஒவ்வொன்றாக அழகாக விழுந்தன.

சுளகில் பரப்பி வைத்திருந்தபோது இவருடைய தங்கை வந்தாள். பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ, கிணத்துக்குள்ள கொட்டுங்கோ! ஆமி கண்டால் பிடிச்சுக்கொண்டு போவாங்கள்!"

அவளிலும் பிழையில்லை. ஒரு பக்கம் கூராக, அசல் துவக்குக் குண்டு மாதிரியே இருந்தன.

"உன்ர பூனையைச் சுடத்தான்," என்றார் இவர். "மீன்சட்டிக்குள்ள தலை விடட்டும், பாப்பம்."

நான் ஒன்றை எடுத்துத் துவாரத்தைக் காட்டிய பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. பிறகு அவளே இருந்து கயிற்றில் கோத்தும் தந்தாள், கோத்து முடியும்வரை எங்களை ஏசிக்கொண்டே.

வலை எறிகிற அன்று நானும் கரைக்குப் போய், ஏற்றி வைத்த வள்ளம் ஒன்றின் பின்னால் நின்றுகொண்டேன். முதல் எறியில் வலை சுருண்டு விழுந்தது.

"என்னண்ணை, சீலை காயப்போடுறியளோ?" கரையிலிருந்த ஒருவன் கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்த லிப்டின் கதவு மூடுகிற மாதிரி இருந்தது.

இவர் வலையை ஆற அமர மடித்து, உடம்பைத் திருப்பி எறிந்தார். வட்டமாக விரிந்து, சுற்றிவர ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொட்டுத் தாழ்ந்தது. இழுத்தபோது உள்ளே திரளிகள் துடித்தன. சிரித்தவனைப் பார்த்து வலது கையை முடிந்தமட்டும் உயர்த்தி ஆட்டினார்.

பின்னேரம் மகள் எடுத்தாள். வழக்கமாகப் போனை இவரிடம் கொடுத்துவிடுவேன். இவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"எப்ப வாறியள் அம்மா?"

"இப்ப ஏலாது பிள்ளை. கடல் தண்ணி வத்தேக்க அப்பா வலை எறியப் போகவேணும்."

"அவருக்குத் தோள் ஏலாதெண்டியள்?"

"இப்ப ஏலும். வலையைச் சின்னனாக்கிப் போட்டம்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு கேட்டாள்:

"அப்ப திரளியைப் பொரிச்சு எனக்கும் பஸ்ஸில குடுத்து விடுவியளோ?"