நெடுக்கா, குறுக்கா

பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தபோது ஓடிப்போய்க் குழாயடியில் வாந்தியெடுத்தேன். பித்தம் என்று நினைத்துக்கொண்டேன். என் முதுகைத் தடவிவிட்ட பக்கத்து வகுப்பு டீச்சர், "பித்தம் மாதிரி தெரியலை டீச்சர், டாக்டரைப் பாருங்க" என்றார். என் மகளுக்கு அப்போது ஏழு மாதம்.

எண்பதுகளின் கடைசி. மேற்குத் தாம்பரத்தில் என் கணவர் வீட்டில் இருந்தோம். மகள் வயிற்றில் குறுக்கே கிடந்தாள் என்று நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அவசரமாகக் கொண்டுபோய், கிழித்துத்தான் எடுத்தார்கள். அதற்குப் பிறகு எனக்கு மாதவிலக்கு வரவே இல்லை. "பால் குடிக்கிற புள்ள மடில கீறப்போ இன்னொண்ணு தங்காதும்மா" என்று மாமியார் அடித்துச் சொன்னார். தெருவில் எல்லாப் பெண்களும் அதையே சொன்னார்கள். அவர்கள் வீட்டோடு இருந்து நாள் முழுக்கப் பால் கொடுத்தவர்கள். நானோ காலையில் ஒருமுறை கொடுத்துவிட்டு ஓடி, சாயங்காலம் வந்து கொடுப்பவள். ஐம்பது பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் பாடம் எடுக்கிறவளுக்கு இந்த வித்தியாசம் உறைக்கவில்லை. மாதவிலக்குத் தொல்லை இல்லையே என்று சந்தோஷமாக வேறு இருந்தேன்.

தாம்பரத்து லேடி டாக்டர் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "பத்து வாரம் இருக்கும்" என்றார்.

"உங்க கர்ப்பப்பையை எப்படித் திறந்தாங்க? நெடுக்கவா, குறுக்கவா?"

"தழும்பு நெடுக்கத்தான் டாக்டர் இருக்கு."

"அது வெளித்தோல். உள்ளே எப்படின்னு அதை வெச்சுச் சொல்ல முடியாது. குழந்தை குறுக்கே கிடந்தா சில நேரம் உள்ளேயும் நெடுக்கத் திறப்பாங்க. அப்படின்னா, இவ்வளவு சீக்கிரம் இன்னொண்ணைச் சுமந்தா தையல் பிரிஞ்சிடலாம். வலி வர்ற வரைக்கும்கூட தாங்காது. உங்க உயிருக்கே ஆபத்து. குறுக்கன்னா, கவனமாப் பார்த்துக் கொண்டுபோயிடலாம். டிஸ்சார்ஜ் பேப்பர்ல எழுதியிருக்கும், எடுத்துட்டு வாங்க. வேண்டாம்னு முடிவு பண்ணா ரெண்டு வாரத்துக்குள்ள சொல்லணும்."

அந்தக் காகிதம் வீட்டில் இல்லை. மகள் பிறந்த நேரம் நிமிஷம் தவறாமல் அதில் இருந்ததால், ஜாதகம் கணிக்கச் சொல்லி என் கணவர் அதை அப்படியே முடிச்சூர் ஜோசியரிடம் கொடுத்திருந்தார். ஜாதகம் வந்தது. காகிதம் வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அன்றே ஸ்கூட்டரில் போனோம். ஜோசியர் கோவிலம்பாக்கத்தில் ஒரு கல்யாண வேலையாகப் போயிருந்தார். மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் பிடித்தோம். அவர் ஒரு கனமான நோட்டை எடுத்து விரித்தார். என் மகளின் கட்டத்துக்குப் பக்கத்தில், பிறந்த நேரம் இருந்த துண்டு மட்டும் அழகாகக் கத்தரித்து ஒட்டப்பட்டிருந்தது.

"மிச்சப் பேப்பர் எங்கங்க?" என்றேன்.

"அதுல இன்னாம்மா கீது? எல்லாம் இங்கிலீஷு. குப்பையில போட்டாச்சு." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "பாப்பா ஜாதகத்துல மூணாம் இடம் பலமா கீது. பின்னாடியே தம்பி நிச்சயம்" என்றார்.

என் கணவர் முகத்தில் சின்னதாக ஒரு சந்தோஷம் வந்து போனது. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடி நான் அவரை முழுமனதாக வெறுத்தேன்.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். "பழைய கேஸ் ஷீட்டெல்லாம் மூட்டையா கட்டி வெச்சிருக்கு. ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்றார் அங்கிருந்தவர். கெஞ்சினேன். அழுதேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்களுக்கு எரிச்சல் வந்ததுதான் மிச்சம்.

வீட்டில் மாமியார் குழந்தைக்குப் பாலை நிறுத்தச் சொன்னார். "வயித்துல ஒண்ணு கீறப்போ குடிச்சா இது சவலையா பூடும்." தாய்ப்பால் சத்தில்லாமல் போய், கை கால் சூம்பி, சிணுங்கிக்கொண்டே கிடக்கும் பிள்ளையைத்தான் சவலை என்பார்கள். புட்டிப்பாலைத் துப்பிவிட்டு என் ரவிக்கையைப் பிடித்து இழுத்து வீறிட்டாள் மகள். குளிக்கும்போதெல்லாம் தழும்பை விரலால் அழுத்திப் பார்த்தேன், உள்ளே இருப்பது கைக்குத் தட்டுப்படும் என்பதுபோல. பைத்தியக்காரத்தனம்தான். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வேண்டாத பிள்ளை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. எனக்கு அது வேண்டும். வகுப்பில் வருகைப் பதிவேட்டில் பெயர்களைக் கூப்பிடும்போது மனசுக்குள் அதற்குப் பெயர் தேடினேன். அடுத்த நிமிஷமே, நான் இல்லாத வீட்டில் என் மகள் யார் இடுப்பில் இருப்பாள் என்று யோசித்தேன். இரண்டையும் ஒரே மனசு எப்படித் தாங்கியது என்று தெரியவில்லை.

"நான் செத்துட்டா இவளை யாரு பாத்துப்பா?" என்று கணவரைக் கேட்டேன்.

"ஏன் அபசகுனமாப் பேசுற? ஜோசியர்தான் சொன்னாரே..."

"அவரு கத்தரிச்சுப் போட்ட பேப்பர்லதான் என் உசுரு இருந்துச்சு" என்றேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். கெட்ட மனிதர் அல்ல. பயந்த மனிதர்.

இரண்டு வாரம் முடிய ஒரு நாள் இருந்தபோது தனியாக டாக்டரிடம் போனேன். என் கணவரும் வரணுமா என்று கேட்டேன். "உங்க கையெழுத்து போதும்மா" என்றார். போட்டேன். கருவைக் கலைத்துவிட்டு, அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தேன்.

மாமியார் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் பூண்டுக் குழம்பும் சோறும் கொண்டுவந்து வைத்தார். "துன்னு. புள்ளைக்குப் பால் ஊற வேணாமா" என்றார். இருவரும் அழுதோம். குழந்தை மறுபடியும் என்னிடம் பால் குடித்தாள்.

அன்று எனக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் இன்றும் அதே கையெழுத்தைத்தான் போடுவேன். இதை எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான்கு வருடம் கழித்து மறுபடி உண்டானேன். அதே டாக்டர்தான் ஆபரேஷன் செய்தார். இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்ததே தவிர எனக்கு நினைவு இருந்தது. துணிக்கு அந்தப் பக்கம் அவர் நர்ஸிடம் பேசுவது கேட்டது.

"இதோ பாரு, பழைய தையல். குறுக்கத்தான் போட்டிருக்காங்க. நல்லா கெட்டியா இருக்கு, தாங்கியிருக்கும்."

என் கண்களில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. நர்ஸ் குனிந்து, "வலிக்குதாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். இரண்டு கைகளையும் கட்டியிருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை.