கதவைத் தட்டுகிற பெரியவர்

"ஏனுங்க, உள்ள ஆராச்சும் இருக்கீங்களா?" இந்த ஒரு வரியைச் சித்தப்பா செல்போனில் பேசிப் பதிவு செய்த மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். தெருவில் கீரைக்காரம்மா போகும்வரை பொறுத்திருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மெதுவாக, மரியாதையாகக் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. "யப்பா! பட்டப்பகல்லயே கதவத் தாழ் போடலாமான்னு தோணுது சித்தப்பா" என்றேன். மனுசனுக்கு அத்தனை சந்தோஷம்.

பம்பு செட் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். வரலாற்றுப் பைத்தியம். நடந்த வரலாறு போதாதென்று நடக்காததையும் எழுதி, தன் குரலிலேயே பேசித் தொடராகச் செல்போனில் விட ஆரம்பித்தார். அவருடைய கதையில் கோயமுத்தூரில் பிளேக் ஓயவே இல்லை. வெள்ளைக்காரன் ஊரைச் சுற்றி வேலி போட்டுவிட்டு இன்றைக்கும் ஆள்கிறான். செத்தவர்கள் வீடு வீடாக வந்து கூப்பிடுவார்கள். பதில் சொன்னவர் அவர்களோடு போய்ச் சேர வேண்டியதுதான். அந்தப் பிணக்கூட்டத்துக்குத் தலைவராகச் சித்தப்பா வைத்தது, உண்மையிலேயே வாழ்ந்த ஒருவரை. பிளேக் காலத்தில் ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு தோட்டங்காட்டுக்கு ஓடியபோது, விட்டுப்போன நோயாளிகளைத் தேடிக் கதவு கதவாகத் தட்டிக் கஞ்சி ஊற்றிய மனிதர் அவர். "உள்ள ஆராச்சும் இருக்கீங்களா" என்பது அவர் கேட்டதுதான். பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்த சித்தப்பா, பெயரைக்கூட மாற்றாமல் எடுத்துப் போட்டுக்கொண்டார். "நெசம் கலந்தாத்தான் கண்ணு பயம் ஒட்டும்" என்பார். பாழாய்ப்போன கதை ஒட்டித்தான் தொலைத்தது. செல்போனுக்குச் செல்போன் தாவி எங்கெங்கோ போய்விட்டது.

ஒரு நாள் சிங்காநல்லூரிலிருந்து ஒரு பெண் வீடு விசாரித்து வந்தாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் சண்டை போடவில்லை. கதையில் வருகிறவர் அவள் கணவனின் முப்பாட்டன். ஆண்டுதோறும் தை, ஆடி அமாவாசைப் படையலன்று வாசற்கதவை அகலத் திறந்து வைத்து, அவரை உள்ளே கூப்பிட்ட பிறகுதான் அந்த வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுவார்களாம்.

"போன தை அமாவாசைக்குக் கதவத் தொறந்ததும், உங்க கதையக் கேட்டிருந்த எங்க பாப்பா கத்திப்போட்டு மயங்கி உழுந்துருச்சுங்கண்ணா. அதுலருந்து காய்ச்சல் விட்டு விட்டு வருது. எங்க மாமியாரு, படையல் பாதியிலயே நின்னுபோச்சு, பெரியவரு பசியோட வாசல்லயே நிக்கறாருன்னு அழுவுறாங்க. ஆடி அமாவாசைக்கு நீங்களே வந்து, அது கதைதான்னு பாப்பாகிட்டச் சொல்லிப்போடுங்க."

"கண்டிப்பா வாரேன் அம்மணி" என்றார் சித்தப்பா. அன்றைக்கே தொடரை அழித்துவிட்டார். ஊரார் செல்போனில் இருப்பதை எப்படி அழிப்பது?

ஆடி அமாவாசையன்று என் ஸ்கூட்டரில்தான் கூட்டிப்போனேன். ஏழு வயசிருக்கும் அந்தப் பாப்பாவுக்கு. அம்மாவின் சேலைக்குப் பின்னால் பாதி முகம்தான் தெரிந்தது. சித்தப்பா தரையில் உட்கார்ந்தார்.

"நான் சொன்னது பூராவும் பொய் சாமி."

"அவரு நெசமா இருந்தாருங்களா?"

"இருந்தாரு."

"ஊடு ஊடாப் போயிக் கதவத் தட்டுனாருங்களா?"

"தட்டுனாரு கண்ணு. ஆனா..."

"ஏனுங்கன்னு கூப்புட்டாருங்களா?"

"கஞ்சி குடுக்கறதுக்குத்தான் கூப்புட்டாரு."

"அப்பறம் எதுங்க பொய்யி?"

எத்தனையோ பேரைப் பயமுறுத்திய மனிதருக்கு ஒரு குழந்தையின் பயத்தைத் தெளிவிக்க ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது.

இலை போட்டுப் பரிமாறியாயிற்று. மாமியார் கதவைத் திறக்க எழுந்ததுமே குழந்தை அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டது. அந்தப் பெண் மகளையும் பார்த்தாள், மாமியாரையும் பார்த்தாள். பிறகு, பரிமாறிய இலையை அப்படியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வெளியே போய், வாசற்படிக்குக் கீழே, தெரு ஓரமாக வைத்தாள். வீட்டுக்குள் வரக்கூடாத காத்து கருப்புக்குத்தான் எங்கள் பக்கத்தில் அப்படி வைப்பார்கள்.

"இனிமே வெளியவே வெச்சுக்கறோமுங்க. எனக்கு எம்புள்ள பொழைக்கோணும்" என்றாள். மாமியார் இலையைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்.

நாங்களும் கிளம்பினோம். சித்தப்பா வண்டியில் ஏறவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் அந்த இலைக்கு முன்னால் போய் நின்று, "மன்னிச்சுப்போடுங்கய்யா" என்றார். வாசற்பக்கமிருந்து அவருடைய குரல் கேட்டதும் உள்ளேயிருந்து குழந்தை வீரிட்டு அழுதது. யாரோ ஓடிவந்து கதவைத் தாழிட்டார்கள்.