கல்யாண மண்டபத்தில் ஒரு கைது

போன மாதம் வின்னிபெக் நகரத்தின் நடுவில் ஓர் ஊர்வலத்தைப் பார்த்தேன். வீட்டு வாடகை ஏறிப்போனதை எதிர்த்து ஐம்பது அறுபது பேர் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் வந்தார்கள். சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். கோஷம் மட்டும் நிற்கவில்லை. ஒருவர் கையிலிருந்த காப்பியை ஒரு வாய் குடித்துக்கொண்டார். விளக்கு மாறியதும் வரிசையாகக் கடந்து போனார்கள். ஒரு காருக்குக்கூடத் தாமதமில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்ற எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நடத்துவதற்குப் பெயர் போராட்டமா? ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வன்னியம்பட்டிக்கு ரோடு பிரிகிற விலக்கில் நாங்கள் மறியல் செய்த அன்று, மதுரைக்குப் போகிற பஸ்ஸும் தென்காசிக்குப் போகிற பஸ்ஸும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றன. அப்படிச் சிரித்தவள்தான் இப்போது தபால் பெட்டியைத் திறக்கவே பயந்துகொண்டிருக்கிறேன்.

கனடாவுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. என் வீட்டுக்காரர் தளவாய்புரத்துக்காரர், இங்கே லாரி மெக்கானிக். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையற்கட்டில் வேலை பார்க்கிறேன். வியாழக்கிழமை தோறும் நூலகத்தில் இலவச இங்கிலீஷ் வகுப்பு உண்டு. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை லிண்டா சம்பளம் இல்லாமல் சொல்லித் தருகிறார். ஊர்வலம் பார்த்த அதே வாரம் அவர் பலகையில் எழுதிய சொற்கள் எல்லாம் போராட்டத்தைச் சேர்ந்தவை: பெட்டிஷன், ஸ்ட்ரைக், ராலி, சிட்-இன், பாய்காட், ஆக்டிவிஸ்ட். மற்ற வாரங்களில் நான் வாயைத் திறப்பதில்லை. அன்றைக்குப் பார்த்தால் பாதிச் சொல் எங்கள் ஊர்ச் சொல். ராஜபாளையத்தில் பஞ்சாலை ஸ்ட்ரைக் என்றால் கைக்குழந்தைக்கும் தெரியும். பெட்டிஷன் போடாத தெரு கிடையாது, அதிலும் பெயர் போடாத மொட்டைப் பெட்டிஷன்தான் அதிகம். உங்களில் யாராவது போராட்டத்தில் கலந்துகொண்டதுண்டா என்று லிண்டா கேட்டதும் முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன்.

அந்த மாதிரி மறியலை ஊரில் உள்ள உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆளுக்கு ஒன்றாவது பார்த்திருப்பீர்கள். எனக்குக் கல்யாணம் ஆகாத சமயம். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்து இருபது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், ஒரு நாள் காலையில் காலிக் குடங்களை ரோட்டின் குறுக்கே வரிசையாக அடுக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டோம். அண்ணன் பொண்டாட்டி பொன்னுத்தாய் மதினி என் பக்கத்தில் இருந்தாள். போலீஸ் வந்து பேசிப் பார்த்தது, பிறகு எல்லாரையும் வேனில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் விட்டது. முந்தின நாள் கல்யாணத்தின் வாழைமரம் வாசலில் வாடாமல் நின்றது. உள்ளே ஃபேன் ஓடியது. மதியம் எலுமிச்சைச் சாதப் பொட்டலம் கொடுத்தார்கள், ஊறுகாய் இல்லை என்று மதினி ஏட்டையாவிடம் சண்டை போட்டாள். பெண் போலீஸ் ஒருத்தி நோட்டுடன் வந்து பெயர் எழுதினாள். அவளுக்கு ஊர் மகாராஜபுரம். "எங்க தெருவுலயும் இதே கதைதான்க்கா. நான் யூனிபார்ம் போட்டதால அங்க உக்கார முடியல" என்றாள். எனக்கு முன்னால் இருந்தவள் கவுன்சிலர் பொண்டாட்டியின் பெயரைத் தன் பெயராகச் சொல்லிவிட்டாள். நான் ஒருத்திதான் மடச்சி மாதிரி இனிஷியலோடு சரியான பெயரைச் சொன்னேன். சாயங்காலம் ஆறு மணிக்கு விட்டுவிட்டார்கள். பத்து நாளில் புதுக் குழாய் வந்தது. மறியலில் பெண்கள் கைது என்று பேப்பரில் போட்டிருந்தது, அந்தப் பேப்பரில்தான் மதினி எனக்கு வடை மடித்துத் தந்தாள்.

இதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். "போலீஸ் அரெஸ்ட். ஆல் லேடீஸ். மேரேஜ் ஹால். லெமன் ரைஸ்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்குப் போன இடத்தில் கைது செய்தார்களா என்று லிண்டா குழம்பிப்போய்க் கேட்டார். எனக்குப் பக்கத்தில் எரித்ரியா நாட்டிலிருந்து வந்த செலாம் என்ற பெண் உட்கார்ந்திருப்பாள், அதிகம் பேசமாட்டாள். அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எத்தனை வருஷம்?" என்று கேட்டாள். "ஒன் டே. ஈவ்னிங் ஃபினிஷ்" என்றேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். அவள் வீட்டில் யார் எத்தனை வருடம் உள்ளே இருந்தார்கள் என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. நான் வேடிக்கையாகச் சொன்ன சொல்லை அவள் அழுது கடந்திருக்கிறாள் என்பது மட்டும் புரிந்தது, கூசிப்போனேன்.

வகுப்பு முடிந்து கோட்டு மாட்டும்போது லிண்டா தனியாகக் கூப்பிட்டார். நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாயே, அதில் இதைச் சொன்னாயா என்று மெதுவாகக் கேட்டார். எந்த நாட்டிலாவது கைது செய்யப்பட்டதோ பிடித்து வைக்கப்பட்டதோ உண்டா என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது மண்டபம் என் ஞாபகத்துக்கே வரவில்லை. கைது என்றால் கையில் விலங்கு, திருடன், கொலைகாரன். எலுமிச்சைச் சாதம் சாப்பிட்ட நாங்கள் அந்தக் கணக்கில் எப்படி வருவோம்?

வீட்டுக்காரரிடம் சொன்னபோது தலையில் கையை வைத்துக்கொண்டார். "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த கதையால்ல இருக்கு. ஊர்ல போலீஸ் சர்டிபிகேட்டு சுத்தமாத்தானே குடுத்தான்? நீ ஏன் அங்க போயி வாயக் குடுத்த?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நோட்டு எங்கே இருக்கிறது, அதில் என் பெயருக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சொல்லாமல் விட்டுப் பின்னால் தெரிந்தால் பொய்க்காரி என்று இருவரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ரோட்டில் போலீஸ் கார் பின்னால் வந்தால்கூடப் பக்கத்துச் சந்துக்குள் திரும்பிவிடுவேன். ஒரு வாரம் இப்படியே போனது. கடைசியில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தோம்.

லிண்டா கடிதம் எழுத உதவினார். வகுப்பில் படித்த சொற்கள் எல்லாம் அதில் வந்தன. மறியல் என்பது 'அமைதியான ஆர்ப்பாட்டம்' ஆயிற்று. எந்த அமைப்பைச் சேர்ந்திருந்தாய் என்றார், எங்கள் தெரு என்றேன், 'அமைப்பு எதுவுமில்லை' என்று எழுதினார். முடிவில், நடந்ததற்கு வருந்துகிறேன் என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது என்றார். வீட்டுக்காரரும், "போடு, ஒரு வரிதான" என்றார். நான் வருந்தவில்லை. ஒரு நாளும் வருந்தியதில்லை. என் ஆயுளில் நான் செய்த உருப்படியான காரியம் எது என்று கேட்டால் அந்த மறியலைத்தான் சொல்வேன். ஆனாலும் போட்டேன். தெரியாமல் சொன்ன ஒரு பொய்யைத் திருத்தப் போய்த் தெரிந்தே ஒரு பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை.

நேற்றுக் காலை மதினி போன் செய்தாள். ஊரில் அப்போது விளக்கு வைக்கும் நேரம். "ரோட்ட அகலமாக்குதேன்னு பைப்ப ஒடச்சுப் போட்டுட்டுப் போயிட்டான்ட்டி. தண்ணி வந்து பதினெட்டு நாளாச்சு. நாளைக்குக் காலைல எல்லாரும் கொடத்தத் தூக்கிட்டு விலக்குக்குப் போறோம். நீ இருந்தா எம்புட்டு நல்லாருக்கும்! ஒன்ன மாதிரி கோஷம் போட ஒருத்திக்கும் தொண்டை கெடையாது" என்றாள்.

எப்படியாவது தண்ணீர் வாங்கிவிடுங்கள் என்றுதான் சொல்ல நினைத்தேன். "மதினி, நீங்க போகாதிய. பேரெல்லாம் எழுதுவாங்க. ஒங்க சின்ன மகன் வேற போலீஸ் வேலைக்கு எழுதிருக்கான். ரோட்டுல உக்காராம ஓரமா நின்னு அமைதியா மனு குடுங்களேன்" என்று என் வாயிலிருந்து வந்தது.

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன், நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"ஏட்டி, யாரு பேசுதது?" என்றாள் மதினி. கோபமாகக் கேட்கவில்லை. குறுக்கே வேறு யாரோ பேசுவதாக நிஜமாகவே நினைத்துக் கேட்டாள். நான்தான் என்று சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.