பழைய ஒன்பதாம் நம்பர் வீட்டு நெட்

தெருக்கோடி கண்டக்டர் வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய சுவர்க்கடிகாரம் இருந்தது. மணிக்கு மணி அடிக்கும். பாதித் தெருவுக்குக் கேட்கும். எங்கள் பாப்பா அந்தக் கூடத்தில் உட்கார்ந்து, காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு வேலை பார்க்கத் தொடங்கிய இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அது அடிப்பதை நிறுத்திவிட்டது. முள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வயதான கடிகாரம், தொண்டை கட்டிக்கொண்டது போலிருக்கிறது என்று நாங்களும் விட்டுவிட்டோம். பல மாதம் கழித்து ஒட்டடை அடிக்கப் போன நான் அதன் கதவைத் திறந்து துடைத்தேன். மணி அடிக்கிற குட்டிச் சுத்தியலில் ஒரு காக்கித் துணித் துண்டைச் சுற்றி நூலால் கட்டியிருந்தது. அவருடைய பழைய சட்டைத் துணிதான். இது என்னண்ணே என்று கேட்டேன். டீ ஆறுது பார் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸை நிறுத்த அவர் போட்ட சத்தமே பெயராக ஒட்டிக்கொண்டு, தெருவில் எல்லோருக்கும் அவர் 'ஹோல்டான்'. பெரியவர்கள் முகத்துக்கு நேரே சார் என்பார்கள், தலை மறைந்ததும் ஹோல்டான் என்பார்கள். அவருக்கு இரண்டும் தெரியும். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தானே பொங்கித் தானே தின்றுகொண்டிருந்தார். ஒரே பையன், தூர தேசத்தில் வேலை. காலமெல்லாம் நின்றே பழகிய உடம்பு என்பதால் வீட்டிலும் உட்கார மாட்டார். சுவரில் ஒரு தோளைச் சாய்த்து, காலை அகட்டி வைத்து, வீடு எந்த நேரத்தில் பிரேக் போடுமோ என்பதுபோல நின்றபடியே பேசுவார்.

நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிவந்ததே பாப்பாவுக்காகத்தான். பாப்பா என்றால் கைக்குழந்தை இல்லை, இருபதைத் தாண்டிய பெண். சிறுவயதில் மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, சரியாகக் கூடாமல் போய்விட்டது. கம்பை ஊன்றிக் கொஞ்ச தூரம் நடப்பாள். பஸ் ஏறி இறங்க முடியாது. அதனால் படித்த படிப்பை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு இருந்தாள். கடைசியில் வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை ஒன்று அமைந்தது. ஒரு கம்பெனிக்கு வருகிற போன்களை எடுத்துப் பதில் சொல்கிற வேலை. கம்பெனி ஒரே ஒரு நிபந்தனை போட்டது. மொபைல் நெட் ஆகாது, கம்பி வழியாக வருகிற நெட் வேண்டும். திங்கட்கிழமை காலை அவள் லைனில் வரவில்லை என்றால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும். மாடிப்படி இல்லாத வீடாகத் தேடிப் பிடித்து அவசர அவசரமாக மூட்டை கட்டிக்கொண்டு வந்தோம்.

நெட்டுக்குப் பாப்பாவே போனில் பதிந்தாள். வீட்டு எண் ஒன்பது என்று போட்டாள். எங்கள் வாசலில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் அந்தத் தெருவில் ஒரு கோளாறு உண்டு. எண்களை மாற்றியபோது புது எண்ணை எழுதினார்களே தவிர, பழையதை யாரும் அழிக்கவில்லை. எங்கள் வீடு புது ஒன்பது. தெருக்கோடியில் இருந்த கண்டக்டர் வீடு பழைய ஒன்பது. தெருக்காரர்களுக்கு ஒன்பது என்றால் அவர் வீடுதான். நேற்று வந்த எங்களுக்கு இது எங்கே தெரியும்?

லைன்மேன் வருவதாகச் சொன்ன சனிக்கிழமை, கம்பெனி தருகிற கம்ப்யூட்டரையும் ஹெட்செட்டையும் வாங்கிவர நானும் பாப்பாவும் வண்டி வைத்துப் போயிருந்தோம். வீட்டில் இருக்க வேண்டியவர் என் வீட்டுக்காரர். வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறவர், அன்று லீவு போட்டிருந்தார். ஒழுகுகிற குழாய்க்கு வாஷர் வாங்கிவரலாம் என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அந்த நேரத்தில் லைன்மேன் வந்து ஒன்பதாம் நம்பர் எது என்று கேட்க, தெருவே கோடி வீட்டைக் கைகாட்டியிருக்கிறது. அவரும் கம்பியை இழுத்து, பெட்டியை மாட்டி, வேலையை முடித்துவிட்டு, போனுக்கு வந்திருக்கிற ஓடிபியைச் சொல்லச் சொல்லிப் பாப்பாவைக் கூப்பிட்டார். வீட்டில் பெரியவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று அப்பாவை நினைத்துப் பாப்பா கேட்டாள். இங்கேதான் நின்றுகொண்டிருக்கிறார் என்று பதில் வந்தது. அவளும் சந்தோஷமாக ஓடிபியைச் சொல்லிவிட்டாள். நின்றுகொண்டிருந்தவர் வேறு பெரியவர்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் தேடினோம். கதவுக்குப் பின்னால் பார்த்தோம், பீரோ மேலே பார்த்தோம், பிரிக்காத மூட்டைகளை எல்லாம் நகர்த்திப் பார்த்தோம். பூட்டின வீட்டுக்குள் லைன்மேன் காற்றாக வந்து மாட்டிவிட்டுப் போனாரா என்று பாப்பா அப்பாவைக் கேட்டாள். அவர் வாஷரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நெட் கம்பெனிக்குப் போன் செய்தால், இணைப்புக் கொடுத்தாயிற்று, நீங்களே ஓடிபி சொல்லியிருக்கிறீர்கள் என்றார்கள். இடம் மாற்ற வேண்டுமானால் மூன்று வாரம் ஆகுமாம். பாப்பா கம்ப்யூட்டர் பெட்டியைப் பிரிக்காமலே மூலையில் வைத்தாள். பிரித்துவிட்டால் திருப்பிக் கொடுக்கும்போது பேச்சு வரும் என்றாள்.

மறுநாள் காலை கடவுளைக் கும்பிட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நெட் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் துணி காயப்போடுகிற கொடியில் புதுக் கயிறு எது, பழைய கயிறு எது என்று தெரியும். கம்பத்திலிருந்து போன அத்தனை கம்பிகளில் ஒன்று மட்டும் தூசி படியாமல் பளபளவென்று இருந்தது. அண்ணாந்து பார்த்தபடியே அதன் பின்னால் நடந்தேன். கோடி வீட்டு ஜன்னலுக்குள் அது நுழைந்தது.

உள்ளே போங்க, உள்ளே எடம் இருக்கு என்று வரவேற்றார். கூடத்தில் ஈ காக்கை இல்லை. அப்போதும் அப்படித்தான் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் பெட்டியைக் காட்டத் தொடங்கிவிட்டார். பிறந்த பிள்ளையைக் காட்டுவதுபோலக் காட்டினார். பையன் அனுப்பியிருக்கிறானாம். மனைவி போன பிறகு அப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஏதோ மனத்தாங்கல். இரண்டு வருடமாக நல்லது கெட்டதுக்கு ஒரு வார்த்தை, அத்தோடு சரி. இப்போது ஒருவரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு நெட் போட்டுக் கொடுத்திருக்கிறான். நேற்று ராத்திரி முகம் பார்த்துப் பேசினார்களாம். அடுக்களையைக் காட்டச் சொன்னானாம். அம்மா வாங்கிய அம்மிக்கல் இருக்கிறதா என்று கேட்டானாம்.

"பச்ச லைட்டு எரியுது பாரு தங்கச்சி," என்றார். "அது எரிஞ்சா லைன்ல இருக்குன்னு அர்த்தமாம். ராவெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சுப் பாத்தேன். எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு."

என் மகள் வேலை ஒரு பக்கம், அந்த மனிதரின் முகம் ஒரு பக்கம். அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, வருகிறேன் அண்ணே என்று வந்துவிட்டேன்.

வீட்டில் கேட்கவா வேண்டும்? நெட்டை வாங்கிவரப் போனவள் டீயை வாங்கிக் குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். நானே போய்ச் சொல்கிறேன் என்று சட்டையை மாட்டியவர், நான் நடந்ததைச் சொன்னதும் சட்டையைக் கழற்றி ஆணியில் போட்டுவிட்டார். பாப்பா மூலையிலிருந்த கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அரிசி களைந்துகொண்டே, கடவுளே, என் வாயால் முடியவில்லை, நீயே பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஹோல்டான் நின்றார். கையில் துணிப்பை. பைக்குள் பெட்டி.

"தங்கச்சி, இது உங்க வீட்டுச் சரக்கு. வழி மாறி எங்க வீட்டுல எறங்கிடுச்சு," என்றார்.

யாரும் சொல்லவில்லையே, எப்படித் தெரியும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"தங்கச்சி சொல்லல, அதான் தெரிஞ்சுது. வந்ததுலேருந்து கண்ணு பெட்டி மேலயே இருந்துச்சு. போகும்போது வாசல்ல நம்பரை நின்னு பாத்துட்டுப் போச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அப்புறம் எம் பையன். நேத்து, நெட்டு போட்டுக் குடுத்திருக்கியே, நல்லா இருப்பான்னு சொன்னேன். 'ஆமாப்பா, நான்தான் போட்டேன்'னான். சந்தோஷத்துல காது அடைச்சுப்போச்சு எனக்கு. இன்னைக்குத் தங்கச்சி போனப்புறம் அந்தக் குரலைத் திருப்பி நெனச்சுப் பாத்தேன். டிக்கெட் எடுக்காதவன் எடுத்துட்டேன்னு சொல்ற குரல். முப்பது வருசம் கேட்டிருக்கேனே, எனக்குத் தெரியாதா?"

பையனைக் கூப்பிட்டுக் கேட்டீர்களா என்று என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"கேக்கல. கேக்கவும் மாட்டேன். நடுவழியில எறக்கிவிட்டா அவன் வீடு வந்து சேரமாட்டான்," என்றார்.

பாப்பாதான் பெட்டியை வாங்கிப் பார்த்தாள். அழுகையும் சிரிப்புமாக, "மாமா, பெட்டி மட்டும் வந்து என்ன பண்றது? கம்பி உங்க வீட்டுலல்ல இருக்கு?" என்றாள்.

அவர் பெட்டியைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார். கம்பியையும் பிடுங்கிக்கொண்டு வரட்டுமா என்று நிஜமாகவே கேட்டார். என் வீட்டுக்காரர் பதறிப்போய், ஐயையோ அறுத்துவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம்தான் கண்டக்டருக்குத் தோன்றியது.

"அப்ப பாப்பா அங்க வரட்டும். கூடம் சும்மாத்தானே கெடக்கு?"

திங்கட்கிழமை காலை பாப்பா தெருக்கோடிவரைக்கும் கம்பை ஊன்றி நடந்தாள். நான் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அவர் வீட்டு வாசலில் இரண்டு படி. ஏறும்போது அவள் சிரமப்பட்டதைப் பார்த்துவிட்டு, அந்த வாரமே என் வீட்டுக்காரர் பட்டறையில் ஒரு கைப்பிடிக் கம்பியைப் பற்றவைத்துக்கொண்டு வந்து நட்டார். கண்டக்டர் அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, என் பஸ்ஸில் இருந்ததைவிட இது நல்ல கம்பி என்றார். பட்டறையில் ஒருவரிடமும் அதிகம் பேசாத என் வீட்டுக்காரர், அந்த ஒரு பாராட்டை ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரோடு எல்லாம் நல்லபடியாகவே இருந்தது என்று சொன்னால் பொய். பாப்பா போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே, அந்த ஆள் புளுகுறான் பாப்பா, நம்பாதே என்று கையால் சாடை காட்டுவார். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் திண்டாடுவாள். மத்தியானம் நின்றபடியே தூங்கிக் குறட்டை விடுவார். திட்டினால் கேட்டுக்கொள்வார், மறுநாளும் அதே குறட்டைதான். ஆனால் அவள் வேலையில் இருக்கும்போது கதவைத் தட்டின ஒருத்தரையும் அவர் உள்ளே விட்டதில்லை. என்னையே பல நாள் வாசலில் நிறுத்தியிருக்கிறார்.

மூன்று வாரம் கழித்து லைன்மேன் இணைப்பை மாற்ற வந்தார். அதே ஆள்தான். என்மேல் தப்பில்லை, தெருவே கைகாட்டியது என்றார். அவரை என் வீட்டுக்காரர் டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். ஏனென்றால் அதற்குள் ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தப் பையன் அப்பாவைக் கூப்பிடத் தொடங்கியிருந்தான். நெட் ஒழுங்காக வருகிறதா என்றுதான் பேச்சைத் தொடங்குவானாம். நீ போட்டதாச்சே, வராமல் போகுமா என்பாராம் இவர். அப்புறம் பேச்சு எங்கெங்கோ போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பாவும் அங்கே இருந்தாள். யாருப்பா அது என்று பையன் கேட்க, நம்ம பாப்பா, நீ போட்ட நெட்டில்தான் அவள் பிழைக்கிறாள் என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதும் பையன் அவசரமாகப் பேச்சை மாற்றிவிட்டானாம்.

பில் எங்கள் பேரில் வந்தது, நாங்கள் கட்டினோம், அவ்வளவுதான். மற்றபடி அது அவர் வீட்டு நெட்டாகவே இருந்தது. இன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது பாப்பாவின் சம்பளத்தில்தான். அந்தத் திங்கட்கிழமை தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயம். கடவுளுக்கு நன்றி சொல்கிறபோதெல்லாம் அவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சரியான வாசலைக் கடவுளுக்குக் காட்டிக் கொடுக்க நாம் யார்?

இரண்டு வருடம் ஆனபின் பையனே நேரில் வந்தார். அப்பாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போக வந்திருந்தார். அங்கே பேரப்பிள்ளைகளோடு அண்ணன் நல்லபடியாகவே இருந்தார் என்று கேள்விப்பட்டோம். போன வருடம் தூக்கத்திலேயே போய்விட்டார். செய்தி சொன்னதும் அந்தப் பையன்தான். போனில் எங்களை அத்தை, மாமா என்று கூப்பிட்டுச் சொன்னார்.

நாங்கள் கண்டக்டரைக் கடைசியாகப் பார்த்தது அவர் கிளம்பிய அன்று. வாசலில் கார் நின்றது. பெட்டிகளை எல்லாம் ஏற்றியாகிவிட்டது. பாப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றாள். பையன் கடைசியாக ஒரு தடவை கூடத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். வந்தவர் அப்பா முகத்தைப் பார்க்காமல், "அப்பா, அந்த நெட்டு... அது வந்து... நான்..." என்று தொடங்கினார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

கண்டக்டர் பையனின் தோளில் கையை வைத்து, அவரை மேலே பேசவிடாமல், என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, இது எம் பையன் எனக்குப் போட்டுக் குடுத்த நெட்டு. நான்தான் கெளம்புறேனே, இனிமே பாப்பா வச்சுக்கட்டும். நாளைக்கே லைன்மேனை வரச் சொல்லி உங்க வீட்டுக்கு மாத்திக்கங்க."